ரவுட்டருக்கு ஒரு தொலைபேசி எண்

(வலையமைப்புப் பொறியாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம் நாட்டுக் கணக்கில் இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுத்து நிறுத்த வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. இதெல்லாம் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியதுதான். எனக்கு உறைத்தது அவர்கள் பிறகு வெளியிட்ட விளக்கத்தில் இருந்த வேறொரு செய்தி. கருவிகளை எட்டும் அவர்களுடைய வழக்கமான பாதையும் விழுந்துவிட்டது. ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருந்த தனிப் பாதையும் அப்போது கிடைக்கவில்லை. ஆகவே பொறியாளர்களைத் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்களின் காவல் கடுமையானது என்பதால் உள்ளே போய்க் கருவியைத் தொடுவதற்கே நேரம் பிடித்தது. எல்லாம் திரும்பி வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது.

இப்படிப்பட்ட இரவுகளுக்காக நம் தொழிலில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ரவுட்டரின் பின்பக்கம் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய ஒரு போர்ட் இருக்கும். அதில் ஒரு வெளி மோடம். மோடத்தில் ஒரு சாதாரணத் தொலைபேசி லைன். வலை மொத்தமும் விழுந்து கிடந்தாலும் அந்த எண்ணுக்கு டயல் செய்தால் ரவுட்டரின் கட்டளை வரி உங்கள் திரைக்கு வந்துவிடும். இந்தப் பாதை இல்லாமல் தொலைவிலுள்ள கருவியைப் பராமரிப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சமம். இந்த வெளி மோடத்தை ரவுட்டரிலும் அக்சஸ் சர்வரிலும் எப்படி இணைப்பது, எப்படி அமைப்பது என்பதுதான் இன்று என் பேச்சு. மோடமா, இந்தக் காலத்திலா என்று சில முகங்கள் கேட்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கம்பிகள். ரவுட்டரையும் மோடத்தையும் இணைப்பது ஆர்.எஸ்.232 என்னும் தரம். அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் அதை வெளியிட்டது. பரவலாகப் புழங்கிய ‘சி’ திருத்தம் 1969இல் வந்தது. ரவுட்டர் ஒரு முனையம். மோடம் தொலைபேசிப் பாதையின் வாயில். தரவைச் சுமப்பவை இரண்டே கம்பிகள், அனுப்ப ஒன்று, பெற ஒன்று. தரைக் கம்பி ஒன்று. மீதி எல்லாம் நிலைமையைச் சொல்லும் கம்பிகள். ‘நான் தயார்’ என்று ரவுட்டர் சொல்வது டி.டி.ஆர். ‘மறுமுனையில் ஒரு மோடம் கிடைத்துவிட்டது, அதன் அலை எனக்குக் கேட்கிறது’ என்று மோடம் சொல்வது டி.சி.டி., பேச்சுவழக்கில் கேரியர். ‘அனுப்பலாமா’, ‘அனுப்பு’ என்று இரண்டும் பரிமாறிக்கொள்வது ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். இந்தக் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் மின்னழுத்தம் பிளஸ் 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ‘ஆம்’. மைனஸ் 3க்குக் கீழே போனால் ‘இல்லை’.

மோடம் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் தரவுக் கம்பி கெட்டுப் போயிருந்தது மிக அரிது. கோளாறு பெரும்பாலும் டி.டி.ஆரிலும் கேரியரிலும்தான் இருக்கும். இரண்டு கருவிகளும் தம் நிலைமையை ஒன்றுக்கொன்று உள்ளபடியே சொல்ல வேண்டும். அழைப்பு வந்திருக்கிறதா, போய்விட்டதா, துண்டிக்கலாமா என்று உண்மையைச் சொல்ல வைப்பதே மோடம் அமைப்பதன் சாரம். வேகமும் சுருக்கமும் அதற்கு அடுத்தபடிதான்.

சிஸ்கோ கருவிகளை எடுத்துக்கொள்கிறேன், நம் ஊர் ரேக்குகளில் அதிகம் நின்றவை அவை என்பதால். அவற்றின் ஆக்ஸ் போர்ட் ஆர்.ஜே.45 வடிவம், எட்டே கம்பி. ஆர்.எஸ்.232 கேட்கும் அத்தனை சமிக்ஞைகளுக்கும் அதில் இடமில்லை. ரவுட்டர் பக்கம் டி.எஸ்.ஆர். என்று ஒரு கம்பி இருக்கிறது. கேரியருக்குத் தனிக் கம்பி கிடையாது. ஆகவே மோடத்தின் 25 முள் முனையில் 8ஆம் முள்ளில் வரும் கேரியரை, ரவுட்டரின் டி.எஸ்.ஆர். கம்பியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதைச் செய்வது ஓர் அடாப்டர். அதன் மேல் ‘மோடம்’ என்று எழுதியிருக்கும். அதே அளவில், பார்வைக்கு ஒரே மாதிரி, ‘டெர்மினல்’ என்று எழுதிய இன்னொரு அடாப்டரும் பெட்டியில் கிடக்கும். அது கணினியை இணைப்பதற்கு. மாற்றிச் செருகினால் மோடம் வேலை செய்யாது. கேபிளும் ரோல்டு கேபிளாக இருக்க வேண்டும்: ஒரு முனையின் முதல் கம்பி மறுமுனையில் எட்டாவதாக வரும். நெட்வொர்க்குக்கு நாம் கிரிம்ப் செய்யும் நேர்க் கேபிள் கைக்கு வந்ததும் அதையே செருகிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நிறங்களைப் பாருங்கள். வரிசை தலைகீழாக இருந்தால் ரோல்டு.

கன்சோல் போர்ட்டில் மோடத்தைச் செருகலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். கூடாது என்பது என் கருத்து. காரணம் பாதுகாப்பு. கன்சோல் போர்ட் மோடத்தின் கேரியரைக் கவனிப்பதில்லை. நீங்கள் உள்ளே நுழைந்து, உயர் அதிகாரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் ரவுட்டருக்கு அது தெரியாது. உங்கள் அமர்வு திறந்தபடியே இருக்கும். அடுத்து அந்த எண்ணுக்கு யார் அழைத்தாலும், கடவுச்சொல் கேட்காமல், நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். மேலும் கன்சோலில் ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கட்டுப்பாடும் இல்லை. எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது: ரவுட்டர் எழுந்திருக்கும்போது சொல்லும் செய்திகளும் கடவுச்சொல் மீட்பும் கன்சோலில்தான் நடக்கும், ஆக்ஸ் அதற்கு உதவாது. இரண்டும் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சிஸ்கோ 2511 போன்ற ஓர் அக்சஸ் சர்வரைப் பக்கத்தில் வையுங்கள். அதில் 16 ஒத்திசைவற்ற லைன்கள்; 68 முள் கொண்ட முனையிலிருந்து எட்டெட்டாகப் பிரியும் கேபிள்கள். அவற்றை ரேக்கில் இருக்கும் மற்றக் கருவிகளின் கன்சோல்களில் செருகிவிட்டு, மோடத்தை அந்த 2511இன் ஆக்ஸ் போர்ட்டில் வையுங்கள். ஒரே தொலைபேசி எண்ணில் 16 கன்சோல் கிடைக்கும்.

இனி மோடத்தின் மொழி. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற கருவியை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 300 பிட். டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் அதில் தீர்த்த சிக்கல் இது: மோடத்துக்குக் கட்டளை கொடுக்கவும் தரவை அனுப்பவும் இருப்பது ஒரே கம்பி, வருவது கட்டளையா தரவா என்று மோடம் எப்படி அறியும்? இரண்டு நிலைகளை வைத்தார்கள். அழைப்பு இல்லாதபோது கட்டளை நிலை. அழைப்பு இணைந்ததும் தரவு நிலை. ஒவ்வொரு கட்டளையும் ஏ, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அந்த இரண்டு எழுத்துகளின் பிட் அமைப்பை அளந்தே, எதிரில் இருக்கும் கருவி என்ன வேகத்தில் பேசுகிறது என்று மோடம் கண்டுகொள்கிறது. இந்த விவரத்தை மனதில் வையுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

தரவு நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப மூன்று கூட்டல் குறி. ஆனால் தரவிலேயே மூன்று கூட்டல் குறி வந்துவிட்டால்? அதற்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருந்தால்தான் அது கட்டளை என்று ஹெதரிங்டன் வகுத்தார். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. உரிமத் தொகை கொடுக்க விரும்பாத சில தயாரிப்பாளர்கள், மௌனத்தைச் சோதிக்காத மோடம்களை விற்றார்கள். 1990களின் பிற்பகுதியில் இதன் விலையைப் பயனாளிகள் கொடுத்தார்கள். மூன்று கூட்டல் குறியும் அதையடுத்துத் துண்டிக்கும் கட்டளையும் அடங்கிய ஒரு பிங் பொட்டலத்தை ஒருவருக்கு அனுப்பினால் போதும். அவருடைய கணினி, பிங்கின் விதிப்படி, வந்ததை அப்படியே பதிலாகத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் அவருடைய மோடம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தன் சொந்தக் கணினியே துண்டிக்கச் சொல்கிறது என்று எண்ணி மோடம் லைனை வைத்துவிடும். ஆள் இல்லாத இடத்தில் நிற்கும் மோடத்துக்கு இந்தத் தப்பிக்கும் குறியே தேவையில்லை. எஸ்2 பதிவேட்டில் 255 என்று எழுதிவிட்டால் அது செயலிழந்துவிடும். எழுதிவிடுங்கள்.

மற்ற அமைப்புகளையும் இதே கண்ணோட்டத்தில் பாருங்கள். &எஃப் என்றால் ஆலை அமைப்புக்குத் திரும்பு. முந்தைய ஆள் என்ன எழுதி வைத்தாரோ தெரியாது, ஆகவே எப்போதும் இதில் தொடங்குங்கள். &சி1 என்றால் கேரியர் கம்பி உண்மையைச் சொல்லட்டும், அழைப்பு இருக்கும்போது மட்டும் ‘ஆம்’. &டி2 என்றால் ரவுட்டர் டி.டி.ஆரை இறக்கினால் லைனை வை. பழைய மோடம்கள் பலவற்றில் ஆலையிலிருந்து வரும்போது கேரியர் எப்போதும் ‘ஆம்’ என்றே நிற்கும், டி.டி.ஆர். கண்டுகொள்ளப்படாது. மேசையில் ஒருவர் உட்கார்ந்து பயன்படுத்தும் கணினிக்கு அது வசதி. ஆளில்லாத ரவுட்டருக்கு அது பொய். சில மோடம்களின் அடிப்பாகத்தில் சிறு டிப் சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று டி.டி.ஆரை மறைக்கும், இன்னொன்று கேரியரை நிரந்தரமாக ஏற்றி வைக்கும். கட்டளையெல்லாம் சரியாகக் கொடுத்தும் மோடம் பிடிவாதம் பிடித்தால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

எஸ்0=1 என்றால் முதல் மணிக்கே எடு. இது இல்லாவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அடுத்து ஈ0, க்யூ1: எதிரொலிக்காதே, அழைப்பு வந்ததென்றும் போனதென்றும் வார்த்தையாகச் சொல்லாதே. இது ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் விசித்திரமான கோளாறு பிறக்கும். மணி அடித்ததும் மோடம் ‘ரிங்’ என்று எழுத்தாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் அதை யாரோ பயனர் பெயரைத் தட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கடவுச்சொல் கேட்கும். மோடம் கட்டளை நிலையில் இருந்தால் அந்தக் கேள்வியையே எதிரொலிக்கும். ரவுட்டர் அதைக் கடவுச்சொல்லாகப் படித்து, தவறு என்று சொல்லும். அதையும் மோடம் எதிரொலிக்கும். இப்படி இரண்டு கருவிகளும் இரவெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து அழைக்கிறவருக்கு லைன் கிடைக்காது. நான் போன ஓர் ஆலையில் பதிவேடு முழுக்கத் தோல்வியடைந்த உள்நுழைவுகள் நிறைந்திருந்தன. யாரோ ஊடுருவ முயல்கிறார்கள் என்று பயந்து கடவுச்சொற்களையெல்லாம் மாற்றியிருந்தார்கள். தட்டிக்கொண்டிருந்தது அவர்களுடைய சொந்த மோடம்.

ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு வன்பொருள் முறையையே, அதாவது ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கம்பிகளையே பயன்படுத்துங்கள். ராக்வெல் சில்லு கொண்ட மோடம்களில் அது &கே3; யு.எஸ். ரோபோடிக்ஸில் &எச்1&ஆர்2. இன்னொரு முறையில் 19ஆம் எண் எழுத்து வந்தால் நிறுத்து, 17 வந்தால் தொடர் என்று தரவுக்குள்ளேயே குறி வைப்பார்கள். தட்டச்சு செய்யும் மனிதருக்கு அது போதும். இருமத் தரவு போகும் பாதையில் அந்த எண்கள் தாமாகவே வந்து பாதையை நிறுத்திவிடும். கடைசியாக &டபிள்யூ, மின்சாரம் போனாலும் அழியாத நினைவில் எழுத.

இப்போது வேகம். மோடம் எந்த வேகத்தில் மறுமுனையைப் பிடித்தாலும், ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள வேகம் மாறக்கூடாது. அதைப் பூட்டி வைக்க வேண்டும். வி.42பிஸ் என்னும் சுருக்க முறை எழுத்துத் தரவை நான்கில் ஒரு பங்கு வரை சுருக்கும். தொலைபேசியில் 28,800 பிட் ஓடினால் ரவுட்டர் பக்கம் நான்கு மடங்கு, 115,200 வேண்டும். மோடம் பெட்டிகளில் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கிருந்து வந்தது. சிஸ்கோ 2600, 3600 வகைகளின் ஆக்ஸ் போர்ட் 115,200 வரை போகும். பழைய 2500 வகைக்கு 38,400தான் உச்சம். முன்பு சொன்ன ஏ, டி எழுத்துகள் இங்கே உதவுகின்றன. மோடம் கடைசியாக எந்த வேகத்தில் அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதோ அதையே நினைவில் வைக்கும். மேசைக் கணினியில் 9,600இல் அமைத்துவிட்டு, ரேக்குக்குக் கொண்டுபோய் 115,200இல் நிற்கும் ரவுட்டரில் செருகினால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும். மோடத்தை அது வாழப்போகும் போர்ட்டிலிருந்தே அமையுங்கள்.

அதற்கு ரிவர்ஸ் டெல்நெட். ரவுட்டரின் சொந்த முகவரிக்கே, 2000த்துடன் லைன் எண்ணைக் கூட்டி வரும் போர்ட்டுக்கு டெல்நெட் செய்தால், அந்த லைனின் மறுமுனையில் இருக்கும் மோடத்திடம் நேராகப் பேசலாம். 2600இல் ஆக்ஸ் 65ஆம் லைன், ஆகவே 2065. 2511இல் அது 17ஆம் லைன், ஆகவே 2017. லைன் அமைப்பில் ‘டிரான்ஸ்போர்ட் இன்புட்’ திறந்திருக்க வேண்டும். வேகமும் ‘ஃப்ளோகண்ட்ரோல் ஹார்ட்வேர்’ என்பதும் ‘மோடம் இன்அவுட்’ என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஏ, டி என்று தட்டுங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தால் பாதித் தொலைவு கடந்துவிட்டீர்கள். வேலை முடிந்ததும் அந்த அமர்வை மூடிவிடுவது முக்கியம். திறந்து கிடந்தால் லைன் உங்கள் கையில் இருப்பதாகவே ரவுட்டர் நினைக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே நுழையாது.

‘மோடம் ஆட்டோகன்ஃபிகர்’ என்று ஒரு வசதி இருக்கிறதே, இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். நல்ல வசதிதான். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் மோடத்துக்கு அமைப்பை மீண்டும் எழுதும். யாராவது மோடத்தை மாற்றிவைத்தாலும் அடுத்த முறை சரியாகிவிடும். ஆனால் அதைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும், அடையாளம் தெரியாவிட்டால் பொதுவான அமைப்பைப் போட்டுவிடும். மோடத்தின் வகையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ‘ஷோ லைன்’ கட்டளை. நான் மாணவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்வது இந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான். அழைப்பு இல்லாத வேளையில் அது சி.டி.எஸ். உண்டு, டி.எஸ்.ஆர். இல்லை, டி.டி.ஆர். உண்டு, ஆர்.டி.எஸ். உண்டு என்று காட்ட வேண்டும். மோடம் தயார், ரவுட்டர் தயார், யாரும் அழைக்கவில்லை என்பது அதன் பொருள். சி.டி.எஸ். இல்லை என்றால் மோடத்துக்கு மின்சாரம் இல்லை அல்லது கேபிள் சரியில்லை. அழைப்பே இல்லாதபோது டி.எஸ்.ஆர். உண்டு என்று காட்டினால் கேரியர் பொய் சொல்கிறது: &சி1 எழுதப்படவில்லை, அல்லது டிப் சுவிட்ச், அல்லது தவறான அடாப்டர். அழைத்துப் பாருங்கள், இணைந்ததும் டி.எஸ்.ஆர். ஏற வேண்டும். தொலைபேசியை வையுங்கள், அது இறங்க வேண்டும், உங்கள் அமர்வும் அதோடு போக வேண்டும். பிறகு ரவுட்டர் பக்கத்திலிருந்து வெளியேறிப் பாருங்கள், மோடம் லைனை வைக்க வேண்டும். பலர் முதல் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். அழைப்பு இணைவதைவிடச் சரியாகத் துண்டிக்கப்படுவதுதான் எனக்கு முக்கியம்.

நம் நாட்டு லைன்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டு மோடம்கள் நம் இணைப்பகங்களின் டயல் டோனைச் சில சமயம் அடையாளம் காணாது. ‘நோ டயல்டோன்’ என்று நின்றுவிடும். அலுவலக ஈ.பி.ஏ.பி.எக்ஸ். வழியாகப் போனாலும் இதே கதை. எக்ஸ்3 என்று எழுதினால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். எண்ணுக்கு நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தால் வழக்கமாக இரண்டு நொடி நிற்கும். வெளி லைனுக்குப் பூஜ்யம் போட்டுக் காத்திருக்க வேண்டிய இடங்களில் அது உதவும். இடிமழைக் காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி மோடத்தை எரித்து, சீரியல் கேபிள் வழியாக ரவுட்டரின் போர்ட்டையும் எரிக்கும். லைன் நுழையும் இடத்தில் வாயுக் குழாய் வகைக் காப்பானும் நல்ல எர்த்தும் இல்லாமல் மோடத்தை இணைக்க நான் சம்மதிப்பதில்லை.

இந்தக் கலை எங்கே வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொது இணையச் சேவையைத் தொடங்கியது. அப்போது மெட்ராஸ் என்றே பெயர் கொண்டிருந்த சென்னையும் அது தொடங்கிய நகரங்களில் ஒன்று. அந்தக் காலத்து இணையச் சேவை நிறுவனங்களின் அறைகள் உலகெங்கும் ஒரே மாதிரி இருந்தன: அலமாரி அலமாரியாக வெளி மோடம்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைபேசி லைன், ஒரு மின் அடாப்டர், அக்சஸ் சர்வருக்கு ஒரு கேபிள். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை இணைப்பகம் காலியான அடுத்த லைனுக்குத் தள்ளிவிடும். அதில் ஒரு கொடுமை இருந்தது. ஒரு மோடம் உறைந்துபோய் மணியை எடுக்காவிட்டால், இணைப்பகத்துக்கு அந்த லைன் காலியாகவே தெரியும். அழைப்புகள் எல்லாம் அங்கேயே போய் நிற்கும். அதற்குப் பின்னால் பத்து மோடம்கள் நலமாக இருந்தும் வாடிக்கையாளருக்கு வெறும் மணியோசைதான். கெட்ட மோடத்தின் லைனை ‘எச்1’ கட்டளையால் எடுத்து வைத்து, பிசி என்று காட்ட வைப்பது அப்போதைய முதல் மருந்து. இந்த அலமாரிகளை முடித்துவைத்தது வி.90. அந்தத் தரம் 1998இல் வந்தது. 56 கிலோபிட் வேகம் கிடைக்க, சேவை நிறுவனத்தின் பக்கம் தொலைபேசி இணைப்பு இலக்க வடிவில் இருந்தாக வேண்டும். அனலாக் லைனில் தொங்கும் வெளி மோடம் எவ்வளவு உயர்ந்ததானாலும் இன்னொரு மோடத்தோடு 33,600க்கு மேல் பேச முடியாது. குரலை எண்ணாக மாற்றும் இடத்தில் சேரும் இரைச்சல் அதற்கு மேல் விடாது. ஆகவே அக்சஸ் சர்வர்கள் பி.ஆர்.ஐ. என்னும் இலக்கத் தொலைபேசி இணைப்பை நேராக வாங்கி, மோடத்தை உள்ளேயே சில்லாக வைத்துக்கொண்டன. வெளி மோடம் பராமரிப்புப் பாதைக்கு மட்டும் என்று ஒதுங்கியது.

அந்தப் பாதையில் காவல் வேண்டும். 1983இல் வந்த ‘வார்கேம்ஸ்’ திரைப்படத்தில் ஒரு பையன் எண்களை வரிசையாக டயல் செய்து கணினிகளைத் தேடுவான்; அந்த முறைக்கே பிறகு ‘வார் டயலிங்’ என்று பெயர் வந்தது. உங்கள் எண் யாருக்கும் தெரியாது என்று நம்பாதீர்கள். கடவுச்சொல், செயலற்ற நேரத்துக்கு வரம்பு, இரண்டும் கட்டாயம். இன்னொன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. பல நிறுவனங்களில் ரவுட்டர், பயனரைச் சரிபார்க்க ரேடியஸ் சர்வரைக் கேட்கும். ரேடியஸே டயல் அப் காலத்தில் லிவிங்ஸ்டன் நிறுவனம் மோடம் வழி வருவோரைச் சரிபார்க்க உருவாக்கியது. ஆனால் வலை விழுந்த இரவில் அந்தச் சர்வரை ரவுட்டரால் எட்ட முடியாது. மோடம் எடுக்கும், கேரியர் ஏறும், உங்கள் பெயரைக் கேட்கும், பிறகு உள்ளே விடாது. ரவுட்டரிலேயே ஓர் உள்ளூர்க் கணக்கு இருக்க வேண்டும், சர்வர் பதில் சொல்லாவிட்டால் அதைப் பார் என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அந்த முகங்கள் கேட்ட கேள்வி. செம்புக் கம்பித் தொலைபேசி மறைந்துகொண்டிருக்கிறது. பிரிட்டன் தன் பழைய தொலைபேசி வலையை 2027 ஜனவரிக்குள் அணைக்கப்போகிறது. நம் ஊரிலும் தரைவழி எண் ஃபைபரில் வருகிறது. குரலைச் சுருக்கிப் பொட்டலமாக அனுப்பும் பாதையில் மோடத்தின் அலை சிதைந்துவிடும். ஆகவே புதிய இடங்களில் 4ஜி மோடம் வைக்கிறோம். அதன் சீரியல் முனையைத் திறந்து ஏ, டி என்று தட்டிப் பாருங்கள்: ‘ஓகே’ என்று பதில் வரும். 1981இன் மொழியைக் கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு விரித்து வைத்திருக்கிறது. சி.எஸ்.க்யூ. என்று கேட்டால் சமிக்ஞை வலிமையை 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 99 வந்தால் தெரியவில்லை என்று பொருள். சி.ஜி.டி.காண்ட் கட்டளையில் ஏ.பி.என். பெயரை எழுதுகிறோம். ஒரு வேறுபாடு: சாதாரண சிம்மில் கிடைப்பது பலர் பகிரும் உள் முகவரி, வெளியிலிருந்து அதை அழைக்க முடியாது. ஒன்று, நிலையான முகவரி தரும் தனி ஏ.பி.என். வாங்க வேண்டும், இல்லையென்றால் மோடமே வெளியே வந்து நம் மையத்தோடு சுரங்க இணைப்பு போட்டுக் காத்திருக்க வேண்டும்.

சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதும் அமைப்பின் ஒரு பகுதி. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் வலை விழுந்தது. ரவுட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டியை நீக்கியபோது அளவுக்கு மீறிய வழித்தடங்கள் மையக் கருவிகளுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், அட்டைப் பணம், அவசர அழைப்பு எண் வரை பாதிப்பு. அவர்களுடைய பராமரிப்பு வலை, விழுந்த அதே மைய வலையின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் முதன்மை லைன் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மைப் பராமரிப்பு மோடத்தில் போடாதீர்கள். இரண்டு நிறுவனங்களும் ஒரே கோபுரத்துக்கு ஒரே ஃபைபரில் வருகின்றனவா என்றும் கேளுங்கள். பல ஊர்களில் அப்படித்தான்.

இனி இந்தப் பாதை உயிரோடு இருப்பதை யார் பார்ப்பது? வருடக்கணக்கில் யாரும் பேசாத எண் என்று கணக்குப் பிரிவு லைனைத் துண்டித்துவிடுகிறது. ரீசார்ஜ் செய்யாத சிம் காலாவதியாகிறது. புதிதாக வந்த ஊழியர் கைப்பேசி சார்ஜருக்காக மோடத்தின் பிளக்கைப் பிடுங்குகிறார். மாதம் ஒரு முறை, வலை நன்றாக ஓடும் நாளில், வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு அழையுங்கள், உள்ளே நுழையுங்கள், ‘ஷோ லைன்’ பாருங்கள், வெளியேறி, லைன் அறுந்ததா என்று மீண்டும் அழைத்து உறுதி செய்யுங்கள். ரேக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். ரவுட்டரின் லைன் எண், மோடத்தின் வகை, அமைப்புக் கட்டளை முழுவதும், டிப் சுவிட்சுகளின் நிலை, கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் பெயர். தொலைபேசி எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். அது பணிமுறைப் பொறியாளரின் கையேட்டில் இருக்கட்டும், அச்சிட்ட தாளில். வலை விழுந்த இரவில் உங்கள் ஆவணச் சர்வரும் விழுந்திருக்கும்.

இந்த மேசையில் ஒரு 2600 ரவுட்டரும் மோடமும் வைத்திருக்கிறார்கள். அடாப்டர் இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் இருவர் வாருங்கள். முதலில் தவறான அடாப்டரைச் செருகி, ‘ஷோ லைன்’ என்ன சொல்கிறது என்று எல்லோரும் பார்ப்போம்.